செய்முறைக்கு ஒரு வெள்ளை வண்டி

சிட்லபாக்கம்
8.6.2025

அண்ணா,

என் நம்பரை ப்ளாக் பண்ணிவிட்டாய். என் வீட்டுக்காரர் நம்பரையும் பண்ணிவிட்டாய். வினிதாவைக்கூட விட்டுவைக்கவில்லை. ஆனால் உன் தங்கச்சி தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவள் என்பதை மறந்துவிட்டாய் போலிருக்கிறது. போனை ப்ளாக் பண்ணலாம், போஸ்ட்மேனை என்ன செய்வாய்? கையெழுத்துப் போட்டுத்தான் இதை வாங்க முடியும். வரவில்லை, படிக்கவில்லை என்று யாரிடமும் கதை விட முடியாது.

மண்ணிவாக்கத்தில் நடந்த காதுகுத்தில் என் பெண்ணைப் பற்றி நீ பேசினது எனக்கு வந்து சேர்ந்துவிட்டது. பந்தியில் உட்கார்ந்துகொண்டு சொன்னாயாமே. "போன்ல பேசிக்கினே ஓட்டிச்சு, யார் கூட பேசிச்சோ யாரு கண்டா. வண்டி இன்னா பண்ணும் பாவம்?" இதைக் கேட்டவர்கள் சும்மா இருப்பார்களா? பெருங்களத்தூரிலிருந்து வினிதாவைப் பெண் கேட்டு வந்தவர்கள் ஜாதகத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். காரணம் கேட்டதற்கு, "பொண்ணுக்கு வேற எங்கியோ பழக்கம் இருக்காமே" என்றார்கள்.

போன கார்த்திகை மழையில் மறைமலை நகர் வேலைக்குப் போன பெண். வண்டலூர் பாலத்தில் இறங்கும்போது இன்ஜின் தானாக நின்றது. ஸ்டீயரிங் இறுகிவிட்டது. பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்திருக்கிறாள், பிடிக்கவில்லை. முன்னால் நின்ற லாரியின் பின்பக்கத்தில் போய் மோதினாள். ஏர்பேக் திறக்கவில்லை. தாடை உடைந்து, பல்லோடு பல்லைக் கம்பி போட்டுக் கட்டி, ஸ்ட்ரா வைத்துக் கஞ்சி குடித்தாள் என் மகள். நீ ஆஸ்பத்திரிக்கு ஆர்லிக்ஸ் வாங்கிக்கொண்டு வந்தாய். அவள் போன் அப்போது கைப்பைக்குள், பின் சீட்டில் கிடந்தது. அதைப் போலீஸ்காரர்தான் எடுத்து என்னிடம் கொடுத்தார்.

நேற்று சேலையூரில் ஜெர்சன் மெக்கானிக் ஷெட்டில் அந்த வண்டியைப் பார்த்தேன். ஜெர்சன் டிரைவர் சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்தார். நாம் தினமும் இழுத்து மாட்டுவது பாதி பெல்ட்தான். மீதி உள்ளேயே சுருண்டு கிடக்கும். அந்த மீதி முழுக்கச் சேறு. காய்ந்துபோன செம்பழுப்புச் சேறு, என் கையில் பொடியாக உதிர்ந்தது. வண்டியைத் துடைத்தவர்கள் பெல்ட்டை இழுத்துத் துடைக்க மறந்துவிட்டார்கள்.

அது வெள்ளத்தில் முழுகின வண்டி. அதைத்தான் என் பெண்ணுக்குச் சீராகக் கொடுத்தாயா? பதில் எழுது.

ஜெயக்கொடி

•

முடிச்சூர்
17.6.2025

தங்கச்சி ஜெயக்கொடிக்கு,

முனிரத்தினம் எழுதறது. எனக்கு லெட்டர் எழுதிப் பழக்கம் கெடையாது. ஸ்நேகாவ எழுதச் சொல்லலாம்னா கண்டதெல்லாம் கேக்கும். அதனால நானே எழுதறேன்.

போஸ்ட்மேன் என் பழைய கார் யார்டுக்கே வந்து, வண்டி பாக்க வந்த கஸ்டமர் எதிர்ல கையெழுத்து கேக்கறான். கோர்ட் நோட்டீஸுன்னு நெனச்சிகினானுங்க. இதெல்லாம் ஒரு பொம்பள பண்ற வேலையா?

சீட் பெல்ட்ல சேறு இருந்தா முழுகின வண்டியா? மழைல கதவத் தெறந்து வச்சா சேறு படாதா? அந்த ஜெர்சனுக்கு இன்னா தெரியும்? என் யார்டு வண்டிங்கள அவன்கிட்ட வேலைக்கு வுடறதில்லன்னு அவனுக்குக் காண்டு. மாமன் சீரா வந்த வண்டிய ஷெட்ல போட்டு நோண்டிப் பாக்கறது நம்ம சாதிசனத்துல எவளாவது செஞ்சிருப்பாளா? சொல்லு.

நான் வினிதா மேல பழி போடல. இந்தக் காலத்துப் பசங்க போன் பாக்காம ஓட்டுதுங்களான்னு பொதுவா சொன்னேன். ஊர்ல அதுக்கு வாலு வச்சி காது வச்சி பேசினா நானா பொறுப்பு?

நல்ல விஷயம் ஒண்ணு. ஸ்நேகாக்கு முடிஞ்சிடுச்சி. மாப்ள பேரு ஹர்ஷா, கூடுவாஞ்சேரி. நல்ல எடம், கௌரவமான மனுஷங்க. ஆவணில கல்யாணம், மொத நாள் சாயங்காலம் ரிசப்ஷன், ஜி.எஸ்.டி ரோட்டு மேல மண்டபம். அத்தைன்னு பத்திரிகைல மொதல்ல உன் பேர்தான் போட்டுக்கீறேன். வீணா பேஜார் பண்ணாத. சிரிச்ச மூஞ்சோட வந்து நில்லு.

அண்ணன்

•

சிட்லபாக்கம்
22.6.2025

திரு. முனிரத்தினம் அவர்களுக்கு,

இனிமேல் உங்களுக்கு "நீங்கள்"தான். அண்ணன் என்று நினைத்து எழுதினால் "பொதுவா சொன்னேன்" என்று பதில் வருகிறது. வெளியாள் என்று நினைத்து எழுதினால் கொஞ்சம் பயமாவது இருக்கும்.

எங்கள் மாடி கிரகப்பிரவேசத்தை ஞாபகப்படுத்துகிறேன். தெருமுனையிலிருந்து பேண்டு வாத்தியம், பத்தாயிரம் வாலா, தட்டுத் தட்டாகப் பழம், அதற்குப் பின்னால் ரோஜா மாலை போட்ட வெள்ளை வண்டி. நம்பர் பிளேட் மேல் "தாய்மாமன் சீர்" என்று ஸ்டிக்கர். சவுண்டு சர்வீஸ்காரனிடம் மைக்கைப் பிடுங்கி நீங்கள் பேசினது தெருவுக்கே கேட்டது. "என் தங்கச்சி பொண்ணு மழைல நனஞ்சிகினு ஸ்கூட்டில போவக் கூடாது. மாமன் நான் உசிரோட கீறேன்!" எல்லோரும் கை தட்டினார்கள். நான் அழுதேன். அந்த அழுகையை நினைத்தால் இப்போது எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

என் வீட்டுக்காரர் பானெட்டைத் திறக்கக் கை வைத்தார். அவர் எதை வாங்கினாலும் திருப்பித் திருப்பிப் பார்க்கிற மனுஷன், கத்தரிக்காயைக்கூட விடமாட்டார். நீங்கள் அதே மைக்கில் என்ன சொன்னீர்கள்? "இன்னா மாப்ள, மாமன் சீர்ல மூடியத் தெறந்து பாக்கறியா? பொண்ணு குடுத்த வூட்டுக்கு இவ்ளோதான் மரியாதையா?" கூட்டம் சிரித்தது. அவர் கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். அன்றைக்கு அந்தச் சிரிப்பு மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் என் பெண்ணின் தாடை முழுசாக இருந்திருக்கும்.

கதவைத் திறந்து வைத்ததால் பட்ட சேறு என்கிறீர்கள். சரி, மேலே கேளுங்கள். சீட்டைக் கழற்றினார் ஜெர்சன். அடியில் இருக்கும் தண்டவாளம் முழுக்கத் துரு. காலுக்குக் கீழே கார்ப்பெட்டைப் பிரித்தால் குப்பென்று ஒரு நாற்றம், அதனால்தான் வண்டி வந்த நாளிலிருந்து உள்ளே மல்லிகை சென்ட் அடித்துக்கொண்டே இருந்தது. ஸ்டெப்னி வைக்கிற பள்ளத்தில் வண்டல். பியூஸ் பெட்டிக்குள் வண்டல். ஹெட்லைட் கண்ணாடிக்கு உள்பக்கம் தண்ணீர் நின்ற கோடு. வண்டி நம்பரை வைத்து இன்சூரன்ஸில் பழைய கிளெய்ம் விசாரித்தோம். முந்தின வருஷ டிசம்பர் வெள்ளத்தில் போன வண்டி, ரிப்பேர் பண்ண லாயக்கில்லை என்று எழுதித் தள்ளினது. தள்ளினதை எடுத்தவர் நீங்கள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். கடைசியாக ஒன்றைக் காட்டினார். சாவியைத் திருப்பினதும் மீட்டரில் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில வினாடியில் தானாக அணைய வேண்டும். அணைந்தால் ஏர்பேக் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். நம் வண்டியிலும் அணைந்தது. ஆனால் எப்படி? இன்ஜினை ஸ்டார்ட் பண்ணும்போது, ஆயில் விளக்கோடு சேர்ந்து அணைந்தது. இரண்டு ஒயரையும் ஒன்றாக முறுக்கி வைத்திருக்கிறார்கள். ஏர்பேக் பெட்டி செத்துக் கிடப்பது தெரியாமல் இருக்கச் செய்த வேலை. தண்ணீர் வண்டியை முழுகடிக்கும், ஒயர் முறுக்காது. அது மனுஷன் செய்தது.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். ஸ்நேகா ரிசப்ஷனில் மைக் இருக்கும், அன்றைக்குக் கை தட்டின அதே சொந்தக்காரர்கள் இருப்பார்கள். "நான் கொடுத்தது வெள்ளத்தில் முழுகின வண்டி. வினிதா மேல் தப்பில்லை. நான் பொய் சொன்னேன்." இதைச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் நான் சும்மா இருக்கப்போவதில்லை.

கு. ஜெயக்கொடி

•

முடிச்சூர்
6.7.2025

ஜெயா,

நீங்க வாங்கன்னு எழுதறியே, உனக்கே நல்லாக்கீதா? படிச்சிட்டு உங்க அண்ணி அழுவுது.

சரி. மறைக்கல. அது தண்ணில நின்ன வண்டிதான். ஆனா கேளு. அந்த வருஷம் நம்ம ஏரியால எத்தினி வண்டி நின்னுச்சு? முடிச்சூர், வரதராஜபுரம், எல்லாத் தெருவுலயும் கூரை மட்டும்தான் தெரிஞ்சுது. அத்தினியையும் கொண்டு போயி கடல்ல போடறதா? தொடச்சி, காயவச்சி, ஆயில் மாத்தி, எத்தினி வண்டி இன்னிக்கும் ஓடிகினு கீது தெரியுமா? இதுவும் ஓடும்னுதான் குடுத்தேன். எம் மருமவ சாவட்டும்னா குடுப்பேன்?

அந்த ஒயரு வேலை எலக்ட்ரீஷியன் பண்ணது. வெளக்கு அணைய மாட்டேன்து, கஸ்டமர் கேப்பான்னு சொன்னான். பாத்துக்கடான்னேன். அவ்ளோதான் நான் சொன்னது.

உன் வூட்டுக்கு வேற வண்டி வுடறேன். யார்டுல நீயே பொறுக்கி எடுத்துக்க, எதுவா இருந்தாலும் சரி. வினிதாக்கு நானே முன்ன நின்னு எடம் பாக்கறேன். ஆனா மைக்ல சொல்லுன்றது மட்டும் வேணாம். சம்பந்தி வூட்டுக்காரங்க எதிர்ல, முழுகின வண்டி விக்கிறவன்னு என் வாயாலயே சொன்னா, யார்டு படுத்துடும். பொண்ண அவங்க எப்டி நடத்துவாங்க? கொஞ்சம் யோசி.

அண்ணன்

•

சிட்லபாக்கம்
13.7.2025

திரு. முனிரத்தினம் அவர்களுக்கு,

"பாத்துக்கடா" என்று சொன்னீர்கள். அந்த ஒரு வார்த்தைக்கு என் பெண் இன்னும் வாயை முழுசாகத் திறக்க முடியாமல் இட்லியைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டுக்கொள்கிறாள். கொட்டாவி வந்தால்கூடத் தாடையைக் கையால் பிடித்துக்கொள்கிறாள். வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டாள். கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரமாட்டாள், லாரியைப் பார்க்க முடியாதாம். அது உங்கள் யார்டிலேயே பெரிய வண்டியைக் கொடுத்தால் சரியாகிவிடுமா?

உங்கள் பெண்ணை எப்படி நடத்துவார்கள் என்று யோசிக்கச் சொல்கிறீர்கள். என் பெண்ணைப் பெருங்களத்தூர்க்காரர்கள் எப்படி நடத்தினார்கள் என்று நீங்கள் யோசித்தீர்களா? அவள் பேரைக் கெடுத்தது சொந்தத் தாய்மாமன். அதனால்தான் எல்லோரும் நம்பினார்கள்.

நான் இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்கிறேன் தெரியுமா? பழைய கார் பார்க்கப் போகிறேன். மேடவாக்கம், பெருங்களத்தூர், சேலையூர் ஒரு யார்டு விடுவதில்லை. உங்கள் தொழிலைக் கற்றுக்கொள்ளலாம் என்றுதான். போனதும் முதலில் பானெட் மேல் கை வைப்பேன். போன வாரம் ஒருவர் வண்டியில் சுட்டது. "எதுக்குண்ணா காலைலயே அடுப்பு மூட்டினீங்க?" என்றேன். முழித்தார். ஆறின இன்ஜினைத் தானே நம் எதிரில் ஸ்டார்ட் பண்ணிக் காட்ட வேண்டும்? இன்னொருவர் முப்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடினது, டாக்டரம்மா வண்டி என்றார். பிரேக் பெடல் ரப்பரைப் பார்த்தேன், கோடெல்லாம் தேய்ந்து மொழுக்கென்று இருந்தது. "அந்த டாக்டரம்மா கோயம்புத்தூருக்கா தினமும் போய் ஊசி போட்டாங்க?" என்று கேட்டேன். வீட்டுக்காரர் வெளியே போய் நின்று சிரித்தார். கதவு போல்ட்டில் பெயிண்ட் உடைந்திருந்தால் கதவைக் கழற்றியிருக்கிறார்கள், அதாவது அடிபட்ட வண்டி. நான்கு டயரும் நான்கு வெவ்வேறு வருஷத்தில் செய்ததாக இருந்தால் ஓட்டினவன் ஒழுங்கில்லை. உள்ளே ஏறினதும் சென்ட் வாசனை தூக்கினால் நான் இறங்கிவிடுவேன். கடைசியாகச் சீட் பெல்ட், முழுசாக இழுத்துப் பார்ப்பேன். நான் இழுக்கும்போது பல பேர் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டுமே!

இப்போது உங்கள் வீட்டுக் கல்யாணம். நான் அத்தை. எங்களுக்குச் செய்ததை நாங்கள் திருப்பிச் செய்ய வேண்டும், செய்முறை என்றால் அதுதானே? நீங்கள் வெள்ளை வண்டி செய்தீர்கள். நானும் வெள்ளை வண்டி செய்கிறேன். அதே மாடல். மாலை, பேண்டு, பத்தாயிரம் வாலா எல்லாம் உண்டு. ஜெர்சன் ஷெட்டில் முன்பக்கம் டிங்கரிங் முடிந்து பெயிண்டிங் நடக்கிறது. உள்ளே எதையும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் செய்த மாதிரியேதான் திருப்பிச் செய்ய வேண்டும், இல்லையா?

கு. ஜெயக்கொடி

•

முடிச்சூர்
3.8.2025

ஜெயா,

உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? அந்த வண்டியயா ஸ்நேகாக்குக் குடுப்ப?

வூட்டுக்கு வந்தேன். உங்க வூட்டுக்காரர் கேட்லயே நின்னுகினு, "உள்ள வராதீங்க மச்சான், அவ கையில இன்னா கிடைக்குதோ அதால அடிப்பா" ன்றார். யார்டுல வேலை செய்ற நம்ம விக்கிய ஜெர்சன் ஷெட்டுக்கு அனுப்பினேன். வண்டி பளபளன்னு கீதுப்பா, ஷோரூம்ல எறக்கின மாதிரி கீதுன்றான். நானே ஷெட்டுக்கு ஓடினேன். அதே வண்டிய எனக்கே வித்துடுன்னு ஜெர்சன கேட்டா, ஓனரம்மா குடுக்கக் கூடாதுன்னுட்டாங்கன்றான்.

ஸ்நேகா உன் மடில வளந்த பொண்ணு. உங்க அண்ணிக்கு டைபாய்டு வந்தப்போ தாய்ப்பால் மறந்து உன் கையாலதான் செரலாக் தின்னுச்சி. அதுக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்? என் மேல கோவம்னா என்ன அடி. செருப்பாலயே அடி, வாங்கிக்கறேன். அந்த வண்டி எப்போ எங்க நிக்கும்னு தெரியாது. ஏர்பேக் இல்ல. உனக்கே தெரியும், எனக்கும் தெரியும்.

திருநீர்மலை பெருமாள் மேல சத்தியமா சொல்றேன், வினிதாக்கு இன்னா வேணுமோ செய்றேன். அந்த வண்டிய மண்டபத்துக்குக் கொண்டாராத.

அண்ணன்

•

சிட்லபாக்கம்
20.8.2025

திரு. முனிரத்தினம் அவர்களுக்கு,

பெருமாளை இதில் இழுக்க வேண்டாம், அவர் கார் ஓட்டுவதில்லை.

அந்த வண்டி எப்போது எங்கே நிற்கும் என்று தெரியாது என்கிறீர்கள். இந்த அறிவு கிரகப்பிரவேசத்தன்று எங்கே போயிருந்தது? உங்கள் பெண் ஏறப்போகிறாள் என்றதும் ஷெட்டுக்கு ஓடுகிறீர்கள். என் பெண் ஏறினபோது நீங்கள் பந்தியில் இரண்டாவது முறை பாயசம் கேட்டீர்கள்.

கடைசியாகச் சொல்கிறேன். ரிசப்ஷனுக்குச் சீர் வரும். நீங்கள் மைக்கில் உண்மையைச் சொன்னால் வண்டி வாசலோடு திரும்பிவிடும். சொல்லாவிட்டால் சாவியை மாப்பிள்ளை கையில் கொடுப்பேன். வேண்டாம் என்று மறுத்துப் பாருங்கள், ஏன் மறுக்கிறீர்கள் என்று கூடுவாஞ்சேரிக்காரர்கள் கேட்பார்கள். யாராவது பானெட்டைத் திறக்கப் போனால், அன்றைக்கு நீங்கள் என் வீட்டுக்காரரிடம் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் நானும் சொல்வேன். அத்தை சீரில் மூடியைத் திறந்து பார்க்கலாமா?

பட்டுப்புடவை எடுத்துவிட்டேன். அரக்கு நிறம். நேரத்துக்கு வந்துவிடுவோம்.

கு. ஜெயக்கொடி

•

முடிச்சூர்
6.9.2025

ஜெயக்கொடி,

நீ நெனச்சது நடந்துடுச்சி. இப்ப நிம்மதியா தூங்கறியா? எனக்குத் தூக்கம் போயி நாளாச்சி.

நீ வர மாட்ட, சும்மா மெரட்டறன்னுதான் கடைசி வரைக்கும் நெனச்சிகினு இருந்தேன். பேண்டு சத்தம் கேட்டுது. மேடைலருந்து எட்டிப் பாத்தா வெள்ளை வண்டி, ரோஜா மாலை, நம்பர் பிளேட் மேல "ஸ்நேகா ஹர்ஷா" ன்னு ஸ்டிக்கர். ஓட்டிகினு வந்தது வினிதா. வண்டி ஓட்டறதயே வுட்டுடுச்சின்னு எழுதினியே, அந்தப் பொண்ணு நேரா பாத்துகினு ஓட்டிகினு வந்துச்சி. அப்பக்கூட வாயத் தெறக்கல நான். சம்பந்தி எம் பக்கத்துல நின்னுகினு, "உங்க தங்கச்சி பெரிய மனசுக்காரங்க" ன்றார். தலைய ஆட்டினேன்.

நீ சாவியக் குடுத்த. மாப்ள கும்புட்டு வாங்கினார். அதோட போயிருந்தா கல்யாணம் முடிஞ்சி நைசா எதுனா பண்ணி வண்டிய மாத்திடலாம்னு நெனச்சேன், மறைக்கல. ஆனா அந்த போட்டோகிராபர் பாவி, "ஜோடியா ஏறி ஜி.எஸ்.டி ரோட்ல ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க, வீடியோ எடுக்கறேன்" னுட்டான். வெளில லாரியா போயிகினு கீது. ஸ்நேகா பாவாடையத் தூக்கிப் புடிச்சிகினு ஒரு கால உள்ள வச்சுது. உன் மூஞ்சப் பாத்தேன். கல்லாட்டம் நின்ன.

எனக்கு ஆஸ்பத்திரில கம்பி கட்டிப் படுத்திருந்தாளே வினிதா, அந்த மூஞ்சிதான் தெரிஞ்சுது. பாடினுகீற பையன்கிட்ட மைக்கப் புடுங்கி கத்தினேன். "ஏறாதம்மா! எறங்கு! அது தண்ணில முழுகின வண்டி! நான்தான் குடுத்தேன்! வினிதா மேல தப்பே இல்ல, போன் பேசிச்சின்னு நான்தான் பொய் சொன்னேன்!" கொட்டு கூட நின்னுடுச்சி. மண்ணிவாக்கத்துக்காரங்க மொத வரிசைலதான் உக்காந்திருந்தாங்க.

மாப்ள வந்து, "மாமா, மொதல்ல அந்த அக்காகிட்ட மன்னிப்பு கேளுங்க" ன்னார். கேட்டேன். எல்லார் எதிர்லயும் கேட்டேன். வினிதா திரும்பி ஸ்நேகா பக்கத்துல போயி நின்னுகிச்சி. மறுநாள் தாலி கட்டினாங்க, அதுவரைக்கும் நல்லது. ஆனா ஸ்நேகா எங்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசல. யார்டுக்கு வந்து அட்வான்ஸ் குடுத்திருந்தவங்க ஒவ்வொருத்தரா வந்து திருப்பிக் கேக்கறாங்க.

எல்லாம் எனக்கு வேணும்தான். ஆனா ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. நான் வாய் தெறக்காம இருந்திருந்தா? அந்தக் கொழந்தைய அதுல அனுப்பியிருப்பியா? நானாவது ஓடும்னு நம்பிக் குடுத்தேன். நீ சாவும்னு தெரிஞ்சே ஏத்தப் பாத்த. நீயெல்லாம் ஒரு அத்தையா?

வண்டி இன்னும் மண்டபத்து ஓரமா கெடக்குது, மாலையெல்லாம் காஞ்சி போயி. கிட்ட போகவே எனக்குப் புடிக்கல. சாவியும் மேனேஜர்கிட்டதான் கீது, எடுங்க எடுங்கன்றான். வந்து உன் வண்டிய எடுத்துகினு போ.

முனிரத்தினம்

•

சிட்லபாக்கம்
10.9.2025

அண்ணா,

மைக்கில் சொல்லிவிட்டாய். அதனால் உனக்குப் பழையபடி "நீ" உண்டு. வேறு எதுவும் இப்போதைக்குக் கிடையாது.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். ஆனி பாதி வரைக்கும் அந்த வண்டியைத்தான் கொடுப்பதாக இருந்தேன். அவ்வளவு ஆத்திரம் எனக்கு. உன் பெண்ணும் ஒரு தடவை ஸ்ட்ராவில் குடிக்கட்டும் என்றுகூட ஒரு நாள் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். வினிதா கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்போ நானே ஓட்டிட்டு வரேன், ஸ்நேகா ஏர்றதுக்கு முன்னாடி நான் ஏர்றேன்" என்றாள். அன்றைக்கே அந்த எண்ணத்தை விட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை யார்டுகளெல்லாம் உன் தொழிலைக் கற்றுக்கொள்ளப் போனது என்று நம்பிவிட்டாயா? வாங்கத்தான் போனேன். மேடவாக்கத்தில் ஒரு ரிடையர்டு வாத்தியார் வண்டி கிடைத்தது. அதே மாடல், அதே வெள்ளை. ஆறின இன்ஜின், முதல் தடவையிலேயே ஸ்டார்ட் ஆனது. ஆயில் மூடியைக் கழற்றிப் பார்த்தோம், தண்ணீர் புகுந்த ஆயில் மாதிரி பாலாக வெளுத்திருக்கவில்லை, சுத்தம். ஏர்பேக் விளக்கு தனியாக எரிந்து தனியாக அணைந்தது. கார்ப்பெட்டைத் தூக்கி மூக்கை வைத்து முகர்ந்தேன், வாத்தியார் வீட்டுக்காரம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். இன்சூரன்ஸில் ஒரு கிளெய்ம்கூட இல்லை. என் பி.எஃப்-பில் லோன் போட்டு எடுத்தேன். ஆர்.சி ஸ்நேகா பேரில் மாறிவிட்டது, டாஷ்போர்டில் இருக்கிறது.

அன்றைக்கு வினிதா பயமில்லாமல் ஓட்டி வந்தாள் என்றால், அது நல்ல வண்டி. ஒவ்வொரு போல்ட்டையும் அவளும் பார்த்தாள்.

உனக்கு இது தெரியவில்லை. இத்தனை வருஷம் கார் யார்டு வைத்திருப்பவன், மேடையிலிருந்து இறங்கி வந்து பெல்ட்டை ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்திருந்தால் போதும், மைக்கைத் தொட்டிருக்க வேண்டாம். ஸ்டிக்கரைக் கிழித்து நம்பரைப் பார்த்திருந்தாலும் போதும். நீ பார்க்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். சீரை யாரும் திறந்து பார்க்கமாட்டார்கள் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான்.

இப்போது மண்டபத்துக்குப் போ. டிரைவர் சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழு. சுத்தமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, வண்டியை நீயே கழுவி, கூடுவாஞ்சேரிக்குக் கொண்டுபோய் ஸ்நேகா கையில் சாவியைக் கொடு. சம்பந்தி எதிரில் எல்லாவற்றையும் திறந்து காட்டு. அவள் உன்னோடு பேசினாலும் பேசுவாள்.

பெருங்களத்தூர்க்காரர்கள் நேற்று போன் பண்ணினார்கள், ஜாதகத்தை மறுபடி பார்க்கலாமா என்று. வினிதாவே வாங்கிப் பேசினாள். "வண்டி ஓட்டிட்டு இருக்கேங்க, போன் பேசறதில்ல" என்று சொல்லி வைத்துவிட்டாள். அடுப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள் அப்போது.

பழைய வண்டியைப் பற்றிக் கவலைப்படாதே, அது உன்னுடையது, உன்னிடமே வந்துவிட்டது. இன்று விடியற்காலையில் ஜெர்சன் கட்டி இழுத்துக்கொண்டு வந்து உன் யார்டு கேட்டுக்கு நேராக, ரோட்டைப் பார்த்த மாதிரி நிறுத்திவிட்டார். சாவி விக்கியிடம் இருக்கிறது. டிரைவர் பக்கச் சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்து, கதவுக்கு வெளியே போட்டுத்தான் கதவைப் பூட்டச் சொன்னேன். சேறு நன்றாகத் தெரியும். உன்னிடம் கார் வாங்க வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு உள்ளே வரட்டும்.

ஜெயா